நாற்பதா, நாற்பத்தாறா

லாரி வந்து மேடையில் ஏறும்.
இன்ஜினை அணைக்கமாட்டான் எவனும்.
செம்பனைக் குலை பதினொன்றரை டன்,
டிரைவரின் தொந்தி, கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார்
எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்
ஒன்பது வருஷமாய், லாபிஸ் மில்லில்.

தபாலில் வந்த பெட்டிக்குள்
உயர்ந்த இறக்கை விமானம் ஒன்று.
பால்சா மரம். மூன்று சக்கரம்.
ஒட்டி முடித்த மறுநாள்
எடை மேடையின் நடுவில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் என்றது கணினி.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்கு உலகமே கிடையாது.

மூக்கு மட்டும் காலி.
நாலு திருகுக்கு நாலு துளை.
எதை மாட்டுவது?

தங்கை புருஷன் மகுடேஸ்வரன்
டேங்கர் ஓட்டுகிறவன்.
"அறுபத்தொன்று வாங்கு.
சக்தி மிஞ்சினால் தப்பா?"
தப்புதான்.
முன்பாரம் கூடினால் மூக்கு குத்தும்.
"பேட்டரி போடேன், கையில் எண்ணெய் படாது"
என்றாள் நோர்லிசா, தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டு.
நியாயம்தான்.
ஆனால் நாள் பூராவும்
அடுத்தவன் இன்ஜினையே கேட்டிருக்கிறேன்.
நான் தட்டி
ஒன்று எழவேண்டும்.

இருபத்தைந்து போதாது:
தோட்டத்துப் பந்துத் திடலில் புல் வெட்டி மூன்று வாரம்,
சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
நாலு வீச்சு இன்ஜின் ஒன்றும் பார்த்தேன்.
நல்ல குரல்.
விலை, என் மோட்டார் சைக்கிளில் பாதி.

மிஞ்சியவை இரண்டு.
நாற்பது: உள்ளே வெறும் பித்தளைப் புஷ்.
நாற்பத்தாறு: பால்பேரிங், பளபளப்பு,
கூடுதலாய் நூற்றெண்பது வெள்ளி.

புல்வெட்டியும் ரம்பமும் விற்கிற கோ தவுக்கே
பின்சந்தில் ஒரு பலகையில்
இரண்டையும் அடுத்தடுத்துப் பூட்டினார்.
நாற்பத்தாறு சீறியதில்
சலூன்காரர் கத்தியோடு வெளியே வந்தார்,
பின்னாலேயே பாதி மீசையோடு ஒருவர்.
"எப்படி?" என்றார் தவுக்கே.
"குறைங்க."
"ஏற்றத்தான் எல்லாரும் சொல்வாங்க."
"குறைங்க."

மேடையில் நிற்கிற லாரிக்கு
ஓடுகிற வேலை இல்லை,
நின்றபடி உயிரோடு இருக்கிற வேலை.
எது விக்கும், எது கியர் விழுமுன் செத்துப்போகும்
என்பதை முதுகு காட்டி உட்கார்ந்தே சொல்வேன்.

நாற்பத்தாறு இரண்டு தரம் இருமி அணைந்தது.
புதுசு, பழகினால் சரியாகும் என்றார்.
ஆகலாம்.
நாற்பதின் ஊசியை நானே
அரைச் சுற்று தப்பாய்த் திருகினேன்.
புகை கக்கியது.
தவணை கேட்கிறவன் குரலில்
முனகி முனகி,
அணையவே இல்லை.

எனக்கு விமானம் விடத் தெரியாது.
தெரிந்தவருக்கு எதுவும் பறக்கும்.
நான் செய்யப்போகிற தப்பைப்
பொறுத்துக்கொள்ளும் ஒன்று போதும்.

மிஞ்சிய நூற்றெண்பதில்
எரிபொருள், இரண்டு பிளக், ஆறு காற்றாடி.
ஆறு எதற்கு என்று கேட்க வாயெடுத்தார் தவுக்கே.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
ஏழாவதை இலவசமாய் வைத்தார்.

இரண்டாம் ஞாயிறு
வலது இடது மறந்துபோய்
கோல் கம்பத்தில் ஓர் இறக்கை,
சேற்றில் மூக்கு.
பந்தாட வந்த பையன்கள்
கோல் என்று கத்தினார்கள்.
பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி,
மூன்றாவது காற்றாடியை மாட்டிக்
குச்சியால் தட்டினேன்.
நாலாவது தட்டில் முனகத் தொடங்கியது,
இறக்கையில்லாமல்,
என் முழங்காலுக்கும் புல்லுக்கும் நடுவே.
பெட்ரோல் தீர்ந்த பைக்காரன்போல்
அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் காலை முதல் லாரி.
மேடையில் நின்று மூச்சிரைத்தது.
"ஊசியைக் கொஞ்சம் திற"
என்று சொல்ல வந்து,
டீசலுக்கு ஏது ஊசி என்று
எடையைச் சொன்னேன்.